அறுத்த வயல் சும்மாவா கிடக்கும்? டெல்டாவில் கேம்பர்வேன் கூட்டு முகாம்

ஜனவரி 5, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

சென்னையில் எங்கள் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி) கிளப்பில் 12 வண்டிகள். அடுத்த கூட்டு முகாமை நான் நடத்துகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பாபநாசம் பக்கம் மாமனாருக்கு 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பிப்ரவரி நடுவில் சம்பா அறுத்துவிடுவார்கள், வயல் சும்மாதானே கிடக்கும், வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவில் தீ மூட்டி இரண்டு ராத்திரி தங்கலாம் என்று திட்டம். பம்பு செட் இருப்பதால் தண்ணீருக்கும் கரண்டுக்கும் கவலையில்லை. வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஜனவரி 5, இரவு 10.20. டெல்டாவில் இப்படி ஒரு முகாம் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் பதில்

அறுத்த வயல் சும்மா கிடக்கும் என்று யார் சொன்னது தம்பி? முதலில் மாமனாரைக் கேளுங்கள், உளுந்து தெளிக்கப் போகிறாரா என்று. எங்கள் பக்கம் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, அந்த ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவோம். நெல்லை அறுக்கும்போது கீழே இலை விட்டு நிற்கும். அதற்கப்புறம் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, பனியும் அடி ஈரமும்தான், எழுபது நாள் போல ஆனால் செடியைப் பிடுங்கலாம். ரோட்டிலிருந்து பார்த்தால் தாள் மட்டும் நிற்கிற வெறும் வயல். அதில் நாலு டன் வேனை ஏற்றினால் மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார், மாப்பிள்ளை அல்லவா. உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் போன் போகும்.

அறுப்பு மிஷின் வந்ததிலிருந்து, பெல்ட் நசுக்கிவிடுகிறது என்று சிலர் தெளிப்பதை விட்டுவிட்டார்கள். உங்கள் மாமனார் அந்தக் கட்சியா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஜனவரி 5, இரவு 10.31

இன்னொன்று. வட்டமாக மட்டும் நிறுத்தாதீர்கள். காரணம் பெரிய கதை, நாளைக்கு.

ஜனவரி 6

நாங்கள் நடத்தியது இரண்டு வருஷத்துக்கு முன்பு, மாசியில். குடமுருட்டிக் கரையில் எனக்கு 3 மா தென்னந்தோப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். 9 வண்டி. எனக்கும் உங்களை மாதிரியே வட்ட ஆசை. முகப்பு எல்லாம் உள்பக்கம் பார்க்க, நடுவில் பாய் விரித்து, மேலே சீரியல் பல்பு கட்டி, போட்டோவில் பிரமாதமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு மழை. மாசியில் மழையா என்று யாரும் எழுந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பெய்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இது களிமண் பூமி. காய்ந்தால் கால் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் வெண்ணெய். ஞாயிறு காலை கிளம்பலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு வண்டியும் வட்டத்துக்குள்ளேயே திரும்பித்தான் வெளியே போக முடியும். முதல் வண்டி திருப்பும்போதே முன் சக்கரம் பாத்தியில் இறங்கிவிட்டது. அதைச் சுற்றிப் போகப் பார்த்தவர் இரண்டாவது. மூன்றாமவர் நான் அனுபவஸ்தன், முதல் கியரில் மெதுவாக எடுக்கிறேன் பாருங்கள் என்றார். நாலாவது வண்டி என்னுடையது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

டிராக்டர் கூப்பிடலாமே என்பீர்கள். மாசியில் எந்த டிராக்டர் சும்மா நிற்கும்? ஒன்று நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கிறது, இன்னொன்று வைக்கோல் கட்டுகிற மிஷினை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஊரிலிருந்து ஒருவர் வந்தார். சங்கிலியை எங்கே மாட்டுவது என்று அவருக்குச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. இழுக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதை வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை. ஒருவருடைய முன் பம்பர் தனியாக வந்தது.

அன்றைக்குக் கற்றது: வண்டி எப்படி உள்ளே வரும் என்று யோசிக்க எல்லோருக்கும் தெரிகிறது, எப்படி வெளியே போகும் என்பதை மட்டும் கடைசி நாள் காலையில்தான் யோசிக்கிறோம். நிறுத்தும்போதே முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்து வண்டி நகராமல் இந்த வண்டி போக வேண்டும். ரொம்ப கனமான வண்டி ரோட்டுக்கு மிகப் பக்கத்தில். உட்கார்ந்து பேசத் தனியாக ஒரு இடம் பாருங்கள், வட்டத்தை அங்கே நாற்காலியில் போட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

9 வண்டி என்று எழுதியது தப்பு. 8 தான். ஒன்பதாவது வண்டி எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிப் போய்விட்டது, அவர்களுக்குச் சாப்பாடு மட்டும் டிவிஎஸ் பிஃப்டியில் போயிற்று. வீட்டில் ஞாபகப்படுத்தினார்கள். சோறு கட்டிக் கொடுத்தவர்களுக்குத்தானே கணக்கு தெரியும்.

ஜனவரி 9

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் எந்த ஊருக்குள் நுழைவதானாலும் ஒரு மதகோ பாலமோ தாண்டியே ஆக வேண்டும். பழைய வாய்க்கால் பாலங்கள் மாட்டு வண்டி அகலத்துக்குக் கட்டியவை, அதில் டிராக்டர் போகிறதே என்று நம்பிவிடக் கூடாது. டிராக்டருக்குக் குட்டை உடம்பு, பாலம் ஏறி இறங்கும்போது அடி தட்டாது. ஆறேழு மீட்டர் நீள வேனுக்குப் பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற வால் இருக்கிறதே, அது தட்டும். அதிலும் அந்த வாலில்தான் பல பேர் கழிவுத் தண்ணீர் டேங்கைக் கட்டியிருக்கிறார்கள்.

மேலே கரண்டு வயர். கூரையில் ஏசி வைத்த வேன் பத்து அடியைத் தொடும். எங்கள் தெருவில் வயலுக்குப் போகிற லைன் இரண்டு இடத்தில் தொய்ந்து கிடக்கிறது. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே பைக்கில் போய், மெயின் ரோட்டிலிருந்து வயல் வரை ஒவ்வொரு வயரையும் ஒவ்வொரு மரக்கிளையையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். கம்பை நீட்டி அளக்கிற வேலை மட்டும் வேண்டாம். எங்கள் கிளப்பில் ஒரு மகானுபாவர் பச்சை மூங்கிலோடு கிளம்பினார், நல்லவேளை தோப்பு வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டோம். சந்தேகம் என்றால் லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பன்னிரண்டு வண்டியும் ஒன்றாக ஊருக்குள் வரவேண்டாம். எதிரே ஒரு வைக்கோல் டிராக்டர் வந்தால் போதும், பின்னால் எடுக்க யாருக்கும் இடம் இருக்காது. மெயின் ரோட்டில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இரண்டு இரண்டாக, முன்னால் ஒரு பைக் வழி காட்டி அழைத்து வரட்டும்.

ஜனவரி 10

பம்பு செட் கரண்டில் கை வைக்காதீர்கள். அது விவசாயத்துக்கு என்று இலவசமாகக் கொடுத்த இணைப்பு. அதில் வேனைச் சொருகினால் 2003-ம் வருஷ மின்சாரச் சட்டப்படி முறைகேடான உபயோகம். அபராதம் உங்களுக்கு வராது, மாமனாருக்கு வரும்.

தண்ணீருக்கு, முன்கூட்டியே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை நிரப்பி வைத்தால் ஆளாளுக்குக் குழாயைத் தேடிப் போக மாட்டார்கள். குடிக்கத் தனியாகக் கேன்.

ஜனவரி 11

சரி, கரண்டுக்கு என்ன வழி? பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும், கல்யாண சீசன் இல்லாத வாரமாகப் பார்த்தால் பேரம் பேசலாம். பிப்ரவரி ராத்திரியில் யாருக்கும் ஏசி தேவைப்படாது. பாட்டரி சார்ஜ் ஆக, ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் என்று வண்டிக்கு அரை கிலோவாட் வைத்தால் 12 வண்டிக்கு 6 கிலோவாட். 10 கேவிஏ ஜெனரேட்டர் எடுத்தால் 10 கிலோவாட் கிடைக்கும், தாராளம்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 மீட்டர் தள்ளி நிற்கிற வண்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து, அதில் 20 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 18 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். ஜெனரேட்டர்காரர் கொண்டு வருகிற வயரோ பெரும்பாலும் சீரியல் பல்புக்கானது. எர்த் கம்பி அடித்தாரா, ஷாக் அடித்தால் தானாக அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் போட்டாரா என்று கேளுங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடப்போகிற இடம் அது.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் ஒரு அசட்டுத்தனம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். 10 கேவிஏ என்றால் 10 கிலோவாட் கிடையாது, 0.8-ஆல் பெருக்கி 8 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எட்டும் ஜெனரேட்டர் புதிதாக இருந்தால்தானாம், பந்தல்காரருடையது எந்தக் காலத்தது என்று கேட்டார். ஆகவே 6 கிலோவாட்டுக்கு 10 கேவிஏ போதும், தாராளம் என்பதை அடித்துவிடுங்கள். ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்பும் இன்னொருவர் கெட்டிலும் போட்டால் மூன்றரை கிலோவாட் கூடிவிடும். காலை ஆறரை மணிக்கு எல்லோரும் காபி போடுவார்கள். எங்கள் முகாமில் சரியாக அந்த நேரத்தில்தான் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. காபியை கேஸ் அடுப்பில் ஒரே இடத்தில் போடுவது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை அணைத்துவிட வேண்டும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. பதினொன்றுக்கு அணைக்கப் போனபோது, ஏதோ அவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிய மாதிரி ஒருவர் இரண்டு நாள் பேசவில்லை.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். யாரும் கேட்காத விஷயம் கக்கூஸ். கேட்க வெட்கம், ஆனால் முகாம் நாறுவது அதனால்தான்.

உங்கள் கிளப் வண்டிகளில் பாதிக்காவது கேசட் டாய்லெட் இருக்கும், சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிற வகை. 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேர் என்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும், மாமியார் கூட வந்தால் ஒன்றரை நாள். எங்கே கொட்டுவது? எங்களிடம் வந்தவரில் ஒருவர் சனிக்கிழமை விடியற்காலையில் கேசட்டை இழுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். யதார்த்தமாகத்தான் போனார், ஓடுகிற தண்ணீர்தானே என்று. அந்தத் தண்ணீரில்தான் கீழே நாலு வீடு தள்ளிக் குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது, அதுதான் வயலுக்கும் பாய்கிறது. பால் கறக்க வந்தவர் பார்த்துக் கத்தியதால் தப்பித்தோம். கொட்டியிருந்தால் எங்கள் தலைமுறைக்கு அந்த ஊரில் வேறு எந்தப் பேரும் நிலைத்திருக்காது.

ஆகவே செப்டிக் டேங்க் உள்ள வீடு ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள், அதன் மூடியைத் திறந்து வைத்து ஊற்றுகிற நேரத்தையும் சொல்லுங்கள். கேசட்டில் ஊற்றுகிற நீல மருந்து பல வகை. ஃபார்மலின் கலந்தது செப்டிக் டேங்கில் வேலை செய்கிற கிருமிகளையே கொன்றுவிடும். பத்து வண்டி ஒரே நாளில் ஊற்றினால் மாமனார் வீட்டு டேங்க் அடுத்த மாதம் தன் குணத்தைக் காட்டும். செப்டிக் டேங்குக்கு ஒத்துவருகிற வகையை மட்டும் கொண்டு வாருங்கள் என்று அழைப்பிலேயே போடுங்கள். டேங்க் சின்னதென்றால் முகாம் முடிந்ததும் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுவிடுவது மரியாதை.

கேசட் இல்லாத வண்டிக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் மாமனார் வீட்டுக் கழிப்பறை ஒன்று போதாது. இதிலே நான் மிச்சம் பிடிக்கப் பார்த்து அவமானப்பட்டேன், விவரம் வேண்டாம்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அவ்வளவு பெரிய விஷயமில்லை. எண்ணெயை வழித்துப் போட்டுவிட்டு வாழைக்கட்டைக்கு விடுங்கள், எங்கள் வீட்டு அடுக்களைத் தண்ணீரும் காலங்காலமாக அங்கேதான் போகிறது.

ஜனவரி 19

தென்னந்தோப்பு பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிழல் உண்டு, தரை வயலைவிட மேடு. ஆனால் வண்டிகளைக் கொண்டுவரும் முன் காய் பறித்து, காய்ந்த மட்டைகளை இறக்கிவிட வேண்டும். நான் காய் பறித்தேன், மட்டையை விட்டுவிட்டேன். சோலார் பேனல் ஒன்று போயிற்று. தென்னை மட்டைக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று அவர் இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் கேட்கிறார்.

ஜனவரி 23

சாப்பாடு. ஆளுக்கு ஒன்று கொண்டு வருவது என்று விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு வண்டியிலிருந்தும் தூக்கு இறங்கியது. ஐந்து தூக்கில் தயிர்சாதம். இரண்டில் புளியோதரை. ஒருவர் சிப்ஸ். எல்லோரும் கெட்டுப்போகாததாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஊறுகாய் மட்டும் பதினொரு வகை இருந்தது.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவது என்றால் சித்ரான்னம் யார் வீட்டில் எது என்று என் அப்பாயி ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பிவிடும். எலுமிச்சை இன்னார், தேங்காய் இன்னார், சர்க்கரைப் பொங்கல் நம் வீடு. கூண்டு வண்டியில் வைக்கோல் மெத்தை, கீழே லாந்தர் தொங்கும், பின்னால் பாத்திர மூட்டை. அதைவிட நல்ல கேம்பர்வேன் நான் ஏறியதில்லை என்று சொன்னால் கிளப்பில் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் மட்டும் உள்ளூர்ச் சமையல்காரரைப் பிடித்து இலை போட்டுவிடுங்கள். காலைக்கு இட்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும். கும்பகோணம் பக்கம் வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் பிரெட்டில் ஜாம் தடவிக்கொண்டிருந்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜனவரி 24

அப்பாயி ஒரு வாரம் முன்பே சொல்லும் என்று எழுதினேன் அல்லவா, நான் ஏன் அதைச் செய்யவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

ஜனவரி 26

தீ மூட்டுவது. வேண்டாம் என்பதே என் பதில். அறுப்புக் காலத்தில் தாள் காய்ந்து கிடக்கும், பக்கத்தில் யாராவது வைக்கோல் போர் போட்டிருப்பார்கள், ராத்திரி காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. போர் ஒன்று எரிந்தால் ஒரு குடும்பத்தின் மாட்டுத் தீனி ஒரு வருஷத்துக்குப் போச்சு. கொசுவுக்குப் புகை வேண்டுமானால் ஒரு பழைய இரும்புச் சட்டியில் தணல் போட்டு நொச்சித் தழையை அதில் வையுங்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். அதைச் சுற்றி உட்கார்ந்தும் பாடலாம்.

பாம்பு பற்றி யாரும் பேசுவதில்லை. நெல் அறுத்த வயலுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். கட்டுவிரியன் ராத்திரியில் திரிகிறது, தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, அதுதான் பயங்கரம். டிரைவர்கள் காற்றாட வெளியே பாய் போட்டுப் படுப்பார்கள், அவர்களுக்குக் கட்டில் கொடுங்கள். கொசு வலையை மெத்தைக்கு அடியில் செருகச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால்கூட 108, நேரே அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வாயால் உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

ஜனவரி 30

28-ம் தேதியோடு மேட்டூரில் பாசனத் தண்ணீரை அடைப்பது வழக்கம். ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது. பிப்ரவரி நடுவில் உங்கள் ஆட்கள் வந்து ஆறு எங்கே என்று கேட்பார்கள். மணலைக் காட்டுங்கள், அதற்காக மணலில் வண்டியை மட்டும் இறக்க விடாதீர்கள்.

ஊர் சுற்றுவது உங்கள் இஷ்டம். கும்பகோணத்துக்குள் வேன்களை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு டவுன் வேனை அமர்த்தி எல்லோரும் அதில் போங்கள். தாராசுரம் நிச்சயம். உங்களுக்கு நடக்கிற தூரத்திலேயே திருப்பாலைத்துறையில் நாயக்கர் கால நெற்களஞ்சியம் இருக்கிறது, கூம்பு மாதிரி, அதை மாமனார் ஊர்க்காரர்களே திரும்பிப் பார்ப்பதில்லை. தரங்கம்பாடிக் கோட்டை 1620-ல் டேனிஷ்காரர் கட்டியது, கோடியக்கரையில் பறவை, இதெல்லாம் இரண்டு நாளில் அடக்க முடியாது. எங்கள் நிகழ்ச்சி நிரலில் பதினாலு இருந்தது. நடந்தது மூன்று. அந்த மூன்றில் ஒன்று தூக்கம்.

பிப்ரவரி 3

அனுமதி பற்றிக் கேட்டீர்கள். சொந்த நிலத்தில் நம் ஆட்கள் தங்குவதுதான், இருந்தாலும் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிட்டு, காவல் நிலையத்தில் எத்தனை வண்டி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடுக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ ஷூட்டிங் என்று தகவல் சொல்லி ஜீப் வந்தது. கேரவன் என்றாலே இங்கே நடிகை யார் என்றுதான் கேட்பார்கள். தோப்பு வாசலில் முப்பது பையன்கள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள், உள்ளேயிருந்து லுங்கியோடு எங்கள் கிளப் பொருளாளர் வந்ததும் கலைந்தார்கள்.

ஆனால் காகிதத்தைவிட ஊர்தான் முக்கியம். 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார், இதே தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக. சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் வழியோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தக் கதையை முகாமில் சொன்னபோது எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் வேனைப் பார்க்க வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான், பம்பர் அல்ல.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேனைத் திறந்து வைத்து, வயசானவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக் காட்டுங்கள். உள்ளே அடுப்பைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் கேட்டது: “இவ்வளவும் இருக்கே, துணி எங்கேப்பா காயப் போடுவீங்க?” வேன் கட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர் இதை யோசித்திருக்கவில்லை.

பிப்ரவரி 8

மாமனார் உளுந்து தெளித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உலர்களத்தில் நிறுத்தலாமே என்று அடுத்த யோசனை. சிமெண்டுத் தரை, மழைக்குக் கவலையில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிப்ரவரியில் ஊர் நெல் முழுக்க அங்கேதான் காய்கிறது. ஈரப்பதம் கூடினால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் வெயிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நீங்கள் போய் ஃபோல்டிங் நாற்காலியை விரிப்பீர்களா?

பிப்ரவரி 9

யோசித்துப் பார்த்தால் மாதமே தப்பு. பிப்ரவரி குளுகுளு என்று நாமாக முடிவு செய்கிறோம், ஊருக்கு அது மூச்சு விட நேரமில்லாத மாதம். டிராக்டர் இல்லை, ஆள் இல்லை, களம் இல்லை, ரோடு முழுக்க நெல். பங்குனிக் கடைசியில் உளுந்து எடுத்தபின் வயல் நிஜமாகவே காலி, தரை கல். களமும் காலி. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எனக்கே இப்போதுதான் உறைத்தது.

வெயில் இருக்கும். அதனால் ஜனவரி 11, 12-ல் போட்ட கரண்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: ராத்திரி எல்லோரும் ஏசி கேட்பார்கள், ஒரு டன் ஏசிக்கு 1.2 கிலோவாட் என்றால் 12 வண்டிக்கு 14.4, அதோடு மற்றதெல்லாம். மைத்துனர் 25 கேவிஏவுக்கு மேல் வேண்டும் என்கிறார். பத்து மணிக்கு அணைப்பது என்ற சட்டமும் அப்போது நிற்காது. அல்லது சாயங்காலம் வந்து மறுநாள் காலை பத்துக்குள் கிளம்பும்படி ஒரே ராத்திரியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏசி இல்லாமல் வெளியில் கட்டில் போட்டு. நான் என்றால் அதைத்தான் செய்வேன். என் வயசுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், உங்கள் கிளப் எப்படியோ.

பிப்ரவரி 11

பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள், வண்டிக்கு என்று வாங்காதீர்கள். ஒரே வண்டியில் ஏழு பேர் இறங்கினார்கள். முன்பணம் வாங்காமல் இலைக்கு ஆள் எண்ணாதீர்கள்.

பிப்ரவரி 22

நேற்று எங்கள் ஊருக்குக் கிடைக்காரர்கள் வந்திருந்தார்கள், ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். உளுந்து போடாத வயலாகப் பார்த்து ராத்திரி ஆட்டை அதில் அடைத்து வைக்கிறார்கள், அதுதான் கிடை. பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதல் நாள் இடத்தைச் சுற்றி நடக்கிறார், மண்ணைக் காலால் கீறிப் பார்க்கிறார், மழை வந்தால் ஆட்டை எந்தத் திடலுக்கு ஏற்றுவது, எந்த வரப்பு வழியாக ஓட்டுவது என்று பார்த்து வைத்த பிறகுதான் பட்டி அடைக்கிறார்கள். நிலத்துக்காரர் அவர்களுக்குப் பணமோ நெல்லோ கொடுக்கிறார், எருவுக்காக.

எங்கள் முகாம் நடந்தபோது டீக்கடையில் ஒருவர் கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது. “என்னங்க, தோப்புல வேன் கிடை போட்டிருக்கீங்களாமே? ஆட்டுக்கிடைன்னா எருவாவது மிஞ்சும்.” அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனேன். கேசட் கதை அவருக்குத் தெரிந்துதான் கேட்டாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 2

பங்குனிக் கடைசி வாரம் என்று முடிவு செய்ததும், மாமனார் வெள்ளாமை இல்லாத மேட்டுக் கொல்லையைக் காட்டியதும் நல்ல செய்தி. படம் பார்த்தேன். அந்த மூலையில் பச்சையாகத் தெரிகிறது பாருங்கள், அங்கே கோரை. கோரை இருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது, யாரையும் அங்கே நிறுத்தாதீர்கள். வாசலில் இருக்கிற மதகை மட்டும் நானே ஒரு நாள் வந்து பார்க்கிறேன்.

வேனோடு நானும் வருகிறேன், வீட்டில் எலுமிச்சை சாதம் நம் பொறுப்பு என்று சொல்லியாயிற்று. நாலு பலகை, ஒரு மண்வெட்டி, சங்கிலி கொண்டு வருவேன். இழுக்கும் கொக்கி எங்கே என்று இந்த முறை பார்த்து வைத்துவிட்டேன், முன் பம்பரில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு இடம் ஒதுக்கும்போது வாசலைப் பார்த்த மாதிரி ஒதுக்குங்கள்.